ரிப்பேரே கேட்காத குடித்தனம்

சான் ஹோசே, கலிபோர்னியா
நவம்பர் 6, 2023

அன்புள்ள திருமதி பெர்நடீன் ஜகோடா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் லொரேனா பட்டாலியா. டொலீடோவில், மெட்டிங்கர் தெருவில் நீங்கள் குடியிருக்கும் வீட்டைச் சென்ற மாதம் திரு. வெண்டல் க்ரூஸிடமிருந்து நான் வாங்கியிருக்கிறேன். டிசம்பர் முதல் வாடகையை இந்தக் கடிதத்தின் அடியில் உள்ள முகவரிக்கு என் பெயரில் அனுப்ப வேண்டும். மற்றபடி எதுவும் மாறாது; வாடகையை ஏற்றும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறேன். இதுதான் நான் வாங்கிய முதல் வீடு. ஒஹாயோவுக்கு நான் வந்ததே இல்லை. வீடியோவில் உங்கள் சமையலறையைப் பார்த்தேன், மிகவும் சுத்தமாக இருந்தது. திரு. க்ரூஸ் உங்களைப் பற்றி எத்தனை உயர்வாகச் சொன்னார் தெரியுமா? "பதினோரு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட ரிப்பேர்னு போன் பண்ணினது கிடையாதும்மா. பணம் தேதிக்கு வந்து நிக்கும். இப்படி ஒரு குடித்தனம் உனக்கு எங்கே தேடினாலும் கிடைக்காது" என்றார். உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தைக்காகத்தான் வாங்கினேன்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, வாய்ச்சொல்லாக வேறு ஏதும் பேச்சு உண்டா என்று நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வீடு வாங்குமுன்பே இதை வாங்கியிருக்க வேண்டுமாம். எனக்கு அப்போது தெரியாது. ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. மூன்று முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

அன்புடன்,
லொரேனா பட்டாலியா

•

டொலீடோ, ஒஹாயோ
நவம்பர் 14

வீட்டுக்குச் சொந்தக்காரி என்று சொல்லிக்கொள்ளும் அம்மணிக்கு,

உங்கள் ஸ்டாம்ப் நல்ல ஸ்டாம்ப். அதனால்தான் இந்தக் கடிதம் வருகிறது. படிவத்தை அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டேன்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. போன வருடம் எங்கள் மாதா கோவில் பாட்டுக் குழுவில் இருக்கும் ஒருத்திக்கு இப்படித்தான் "புதிய வீட்டுக்காரர்" என்று ஒருவன் எழுதினான். அவளும் இரண்டு மாதப் பணத்தை அனுப்பினாள். ஆள் ஒரு தபால் பெட்டி எண்ணைத் தவிர வேறு எதுவுமில்லை. நீங்கள் அவனைவிடக் கெட்டிக்காரி. சமையலறையைப் பார்த்தேன் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். கோடையில் க்ரூஸ் வந்து இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்று வீடியோ எடுத்துக்கொண்டு போனான். அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்று முறை போன் அடித்தது நீங்கள்தானா? தெரியாத எண்ணை நான் எடுப்பதில்லை. போனில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டு இல்லையென்று சாதிக்கலாம். காகிதத்தில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. நான் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை. க்ரூஸுக்கு மாதாமாதம் கொடுப்பது வேறு கணக்கு. அது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம்.

பெ. ஜகோடா

•

சான் ஹோசே
நவம்பர் 27
பதிவுத் தபால்

திருமதி ஜகோடா அவர்களுக்கு,

என் கிரயப் பத்திரத்தின் நகலை இணைத்திருக்கிறேன். உங்கள் மாவட்டப் பதிவு அலுவலகத்தின் முத்திரையும் எண்ணும் அதில் தெளிவாக இருக்கிறது. நேரில் போய்ச் சரிபார்க்கலாம். நான் மோசடிக்காரி அல்ல.

"வாடகை கொடுப்பதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். இந்த வீட்டில் நான் போட்டது பதினான்கு வருடம் மற்றவர்கள் வாய்க்குள் குனிந்து குனிந்து சேர்த்த ஐம்பத்திரண்டாயிரம் டாலர். நான் இருக்கிற ஊரில் அந்தப் பணத்துக்கு ஒரு கார் ஷெட்கூடக் கிடைக்காது. நானே இங்கே வாடகைக்குத்தான் இருக்கிறேன். கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் யெசேனியாவுக்கு இண்டியானாவில் நான்கு வீடுகள் இருக்கின்றன. அவள்தான் எனக்கு இதில் குரு. "நேர்ல போய்ப் பாக்காதடி. பாத்தா தோட்டத்தப் பாத்து மயங்குவே, இல்ல பேஸ்மென்ட்டப் பாத்து பயந்து ஓடிவருவே. நம்பர மட்டும் பாரு" என்றாள். நானும் எண்களை மட்டும் பார்த்தேன். அந்த எண்களில் உங்கள் மாதப் பணமும் ஒன்று.

டிசம்பர் ஐந்தாம் தேதிக்குள் பணம் வராவிட்டால் உங்கள் மாநிலச் சட்டப்படி வீட்டைக் காலி செய்யச் சொல்லி மூன்று நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொல்கிறார். அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை.

லொரேனா பட்டாலியா

•

டொலீடோ
டிசம்பர் 4

பட்டாலியா அம்மணிக்கு,

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலைச் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, அக்டோபர் பதினொண்ணாம் தேதி பதிவாயிருக்கு. கலிபோர்னியாக்காரங்க பேருல" என்றாள். "என் பேரு எங்கேயாவது இருக்கா பாரு" என்றேன். கீழே கீழே போய்ப் பார்த்தாள். இல்லை என்றாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் மோசடிக்காரி இல்லை, சரி. அப்படியானால் கூட்டாளி. இல்லை என்று நிரூபியுங்கள்.

2012 ஆகஸ்டில் இந்த வீட்டை நான் க்ரூஸிடம் தவணையில் வாங்கினேன். பதினைந்து வருடம், மாதம் முந்நூற்றுத் தொண்ணூறு டாலர். கடைசித் தவணை கட்டிய அன்று பத்திரம் என் பெயருக்கு மாறும். அதுதான் பேச்சு, அதுதான் எழுத்து. பாங்கில் கடன் கொடுக்காத எங்களைப் போன்றவர்கள் இந்த ஊரில் இப்படித்தான் வீடு வாங்குகிறோம். பதினோரு வருடம் கட்டியிருக்கிறேன். கூரை நான் போட்டது. பாய்லர் நான் மாற்றியது. முன்வாசல் படிகளை என் தம்பி உயிரோடு இருந்தபோது ஊற்றிக் கொடுத்தான். ஒப்பந்தத்தின் நகலை வைத்திருக்கிறேன், பாருங்கள்.

க்ரூஸுக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. வீட்டை உங்களுக்கு அக்டோபரில் விற்றவன், என் நவம்பர் காசோலையையும் வாங்கி மாற்றியிருக்கிறான். வெட்கம் கெட்டவன்.

சனிக்கிழமை எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை டிரக் அரை மணி நேரம் நின்றது. உள்ளே இருந்தவன் என் வீட்டைப் படம் எடுத்தான். நான் துடைப்பத்தோடு இறங்கியதும் கிளம்பிவிட்டான். அது யார் என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் பணத்தை யாருக்கும் அனுப்பவில்லை. தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தின்றுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

பெர்நடீன் ஜகோடா

•

சான் ஹோசே
டிசம்பர் 15

திருமதி ஜகோடா அவர்களுக்கு,

டிரக்கில் வந்தவர் நான் அனுப்பியவர்தான். நாற்பது டாலருக்குப் படம் எடுத்து அனுப்புகிறவர். என் வீட்டைப் படம் எடுக்க எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைத்தேன். படத்தில் கூரை புதிதாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. வாடகைக்கு இருக்கிற ஒருவர் ஏன் கூரை போடுகிறார்?

ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தை அப்படியே நம்ப என்னால் முடியவில்லை. மன்னியுங்கள். சாட்சிக் கையெழுத்து இல்லை. பதிவு செய்யப்படவில்லை. நான் வாங்கும்போது வில்லங்கம் பார்த்துக் கொடுத்தவர்கள் ஒரு வரிகூட இல்லை, சுத்தமான வீடு என்றார்கள். பதினோரு வருடம் ஒரு வீட்டுக்காகப் பணம் கட்டுகிறவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த அலுவலகத்துக்குப் போய் என் பெயர் இருக்கிறதா என்று கேட்க மாட்டாரா? நான் எழுதிய பிறகுதான் உங்களுக்கு அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததா?

க்ரூஸ் என் போனை எடுத்தார். ஒருமுறைதான். "அந்தப் பொம்பள அப்படித்தாம்மா, ஆளுக்கு ஒரு கதை சொல்லுவா. கம்ப்யூட்டர்ல யார் வேணா என்ன வேணா அடிக்கலாம். நீ நோட்டீஸ அனுப்பு, தானா வழிக்கு வருவா" என்றார். அவரையும் நான் நம்பவில்லை. ஆனால் உங்கள் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள். நான் இரண்டாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் போகட்டும் என்று காத்திருக்கிறேன். ஜனவரியில் வழக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.

லொரேனா பட்டாலியா

•

டொலீடோ
ஜனவரி 3, 2024

அம்மணி,

கிறிஸ்துமஸ் போகட்டும் என்று விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்கு நன்றி. அன்று சாப்பாட்டு மேசையில் நானும் தட்டும்தான்.

ஏன் போய்க் கேட்கவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். க்ரூஸ் ஒவ்வொரு டிசம்பரும் இங்கே வருவான். இதே சமையலறையில் உட்கார்ந்து நான் செய்யும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைப் பன்னிரண்டு பதினான்கு என்று எண்ணாமல் தின்பான். "பதிவெல்லாம் நான் பாத்துக்கறேன் பெர்நி, அந்த ஆபீஸ்ல நின்னு நீ ஏன் சீரழியணும்" என்பான். நான் சட்டம் படித்தவள் இல்லை. என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்னை ஏமாற்றுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. முட்டாள்தனம்தான். அதற்காக என்னைப் பொய்க்காரி என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

இலவசமாகப் பார்க்கும் வக்கீல் ஒருவர் கிடைத்திருக்கிறார், ரோத் என்று பெயர். பார்த்தால் பிளஸ் டூ பையன் மாதிரி இருக்கிறார், ஆனால் விவரமானவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்டுல ஒரு ஆள் குடியிருக்கான்னா, அதுவே ஒரு நோட்டீஸ் மாதிரிதாங்க. வாங்க வர்றவங்க கதவத் தட்டி, நீங்க யாரு, எப்படி இங்க இருக்கீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காதது அவங்க தப்பு." ஜெயிப்போம் என்று அவர் சொல்லவில்லை. சண்டை போடலாம் என்றார்.

நீங்கள் தட்டவில்லை. எண்களை மட்டும் பார்த்தீர்கள்.

நீங்களும் வாடகைக்கு இருப்பதாக எழுதினீர்கள். இதற்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். போன வருடம் உங்கள் வீட்டுக்காரரை எத்தனை முறை கூப்பிட்டீர்கள்? குழாய் ஒழுகுகிறது, கதவு மூடவில்லை, ஹீட்டர் ஓடவில்லை என்று? பதினோரு வருடம் ஒரு குழாய்க்குக்கூடக் கூப்பிடாத குடித்தனக்காரி உலகத்தில் எங்காவது உண்டா? க்ரூஸ் அதை உங்களிடம் பெருமையாகச் சொன்னான், நீங்களும் மயங்கிப் போனீர்கள். ஏன் கூப்பிடவில்லை தெரியுமா? என் வீட்டுக் குழாய்க்கு நான் எதற்கு அடுத்தவனைக் கூப்பிட வேண்டும்?

பெர்நடீன் ஜகோடா

•

சான் ஹோசே
ஜனவரி 29

திருமதி ஜகோடா அவர்களுக்கு,

ஒன்பது முறை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போனில் தேடி எண்ணினேன். குளியலறைத் தண்ணீர் மட்டும் நான்கு முறை.

அதனால் எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வழக்குப் பதிவாகிவிட்டது. பிப்ரவரி 22, காலை ஒன்பது மணிக்கு உங்கள் நகர நீதிமன்றத்தில் விசாரணை. க்ரூஸுக்கும் என் வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறார். இனி உங்களுக்கு எதுவும் எழுத வேண்டாம் என்று வக்கீல் என்னிடம் சொல்லியிருக்கிறார். இதையே அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

லொரேனா பட்டாலியா

•

டொலீடோ
பிப்ரவரி 13

அம்மணி,

நேற்று மத்தியானம் ஒரு பெண் வந்து வீட்டு முன்னால் நின்று படம் எடுத்தாள். இந்த முறை நான் துடைப்பம் எடுக்கவில்லை, காபி கொடுத்தேன். வெளியே அப்படிக் குளிர். காபி குடித்ததும் வாயைத் திறந்தாள். "அரிசோனால ஒருத்தர் இந்த வீட்டப் பாக்கச் சொன்னாரும்மா. கலிபோர்னியாலேருந்து விக்கிறாங்களாம். குடித்தனக்காரங்க ரொம்ப நல்லவங்களாம், ரிப்பேரே கேக்க மாட்டாங்களாம். அது நீங்கதானா?" என்றாள்.

நான்தான் என்றேன்.

நீங்கள் க்ரூஸுக்குக் கூட்டாளியா என்று இத்தனை நாள் எனக்குச் சந்தேகம். இப்போது சந்தேகமே இல்லை. கூட்டாளி இல்லை, அவனுக்கு வாரிசு. என்னை உள்ளே வைத்து வீட்டை விற்றான் அவன். நீங்களும் அதையே செய்கிறீர்கள். அவனுக்கு அது தொழில். உங்களுக்கு எல்லாம் தெரிந்த பிறகு செய்கிறீர்கள், அதுதான் வித்தியாசம். எனக்கு அறுபத்திரண்டு வயது. இந்த வீட்டை விட்டால் போக இடம் இல்லை. அரிசோனாக்காரனுக்கு முதலிலிருந்து எழுத எனக்குத் தெம்பில்லை.

இருபத்திரண்டாம் தேதி வருவேன்.

பெ. ஜகோடா

•

சான் ஹோசே
மார்ச் 4

திருமதி ஜகோடா அவர்களுக்கு,

இருபத்திரண்டாம் தேதி காலையில் கோட்டு போட்டுக்கொண்டு நீதிமன்றம் போயிருப்பீர்கள். வழக்கு வாபஸ் என்று வாசலில்தான் தெரிந்திருக்கும். முதல் நாள் மாலை முடிவெடுத்தேன், உங்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. நீங்கள்தான் போனை எடுக்க மாட்டீர்களே.

அரிசோனா விஷயம் உண்மை. யெசேனியாதான் ஆளைப் பிடித்துக் கொடுத்தாள். "தள்ளிவிட்ரு. உனக்கு எப்படி வந்ததோ அப்படியே போகட்டும். அவன் கேக்கலன்னா நீ ஏன் சொல்லணும்?" என்றாள். விளம்பரத்தை நானே எழுதினேன். குடித்தனக்காரர் ரிப்பேரே கேட்பதில்லை என்று எழுதியபோது கை கூசவில்லை. அது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகு அந்த ஆள் போன் செய்தார். வேறு எதுவுமே கேட்கவில்லை. "பணம் தேதிக்கு வருமா? ரிப்பேர் தொல்லை உண்டா?" இரண்டே கேள்விகள். நான் க்ரூஸிடம் கேட்ட அதே இரண்டு. "அந்த அம்மா அந்த வீட்ட வாங்கிட்டிருக்காங்க சார்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் போனை வைத்துவிட்டார். யெசேனியா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

க்ரூஸ் என் வக்கீலிடம் பேரம் பேசிப் பத்தொன்பதாயிரம் திருப்பித் தந்தார். அதற்கு மேல் வேண்டுமென்றால் என் வாழ்நாள் முழுக்க அவர் பின்னால் அலைய வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

நான் சொல்வது இதுதான். உங்களுக்கு நான்கு வருடத் தவணை மிச்சம் இருக்கிறது. அது நான்குக்குப் பதில் ஏழாகட்டும். அதே முந்நூற்றுத் தொண்ணூறு. ஏழாம் வருடம் பத்திரம் உங்கள் பெயருக்கு. இந்த முறை பதிவு செய்வோம். எனக்கு நஷ்டம்தான், உங்களுக்கும் நஷ்டம்தான். யாருக்கு அதிகம் என்று எண்ண நான் தயாராக இல்லை.

லொரேனா

•

டொலீடோ
மார்ச் 18

பட்டாலியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் பிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். எங்கே கண்ணி இருக்கிறது என்று தேடினேன். ரோத் இரண்டு முறை படித்துவிட்டு, "கண்ணி இல்லீங்க. எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றார். வக்கீலுக்கு ஆச்சரியமாக இருந்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

ஏழு என்றால் எனக்கு அறுபத்தொன்பது. அதுவரை பேருந்து ஓட்ட விடுவார்களா தெரியாது. ஆறு என்று கேட்கலாம் என்று தோன்றியது, கேட்கவில்லை. சரி, ஏழு.

ஆனால் சில விஷயங்கள். ஒப்பந்தத்தை ரோத் எழுதுவார், உங்கள் வக்கீல் இல்லை. சாட்சி வேண்டும், நோட்டரி முத்திரை வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு நான் எடுத்துக்கொண்டு போவேன், தபாலில் அனுப்ப மாட்டேன். அதுவரை ஒரு சல்லிக்காசு தர மாட்டேன். பதிவான மறுநாள் டிசம்பரிலிருந்து எடுத்து வைத்தது மொத்தமாக வரும். டிரக்கில் யாரும் வரக் கூடாது.

நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. இப்போது வரவில்லை.

பெர்நடீன் ஜகோடா

•

டொலீடோ
ஜூன் 11

அன்புள்ள லொரேனா,

ஏப்ரல் 9 அன்று பதிவானது உங்களுக்குத் தெரியும். அதே ஜன்னல், அதே பெண். "இப்ப தேடு, என் பேரு இருக்கா?" என்றேன். "இப்பதாம்மா ஏத்தியிருக்கேன்" என்று சிரித்தாள். "பரவால்ல, தேடு" என்றேன். தேடிக் காட்டினாள். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். அன்று வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அறையாகப் போய் நின்றேன். பதினோரு வருடம் என் வீடு என்று நினைத்திருந்தேன், அன்றைக்குத்தான் ஆனது.

அதற்குப் பிறகு இரண்டு மாதமாக எனக்குச் சோறு தண்ணீர் ருசிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

க்ரூஸோடு நான் போட்ட பழைய ஒப்பந்தம் மொத்தம் மூன்று பக்கம். டிசம்பரில் உங்களுக்கு நான் அனுப்பியது இரண்டு. நடுப் பக்கத்தை எடுத்துவிட்டேன். ரோத்துக்கும் காட்டவில்லை. இரண்டு தவணை தவறினால் ஒப்பந்தம் செல்லாது, அதுவரை கட்டியதெல்லாம் வாடகை என்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது. 2020-ல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வண்டி ஓடவில்லை, கூலியும் இல்லை. ஏப்ரல், மே, ஜூன், மூன்று மாதம் நான் கட்டவில்லை. ஜூலையிலிருந்து க்ரூஸ் பேசாமல் வாங்கிக்கொண்டான். அவன் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மறக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

உங்களை நான் மோசடிக்காரி என்றேன், கூட்டாளி என்றேன், வாரிசு என்றேன். அத்தனை நாளும் அந்தப் பக்கம் என் பைபிளுக்குள் இருந்தது. அது உங்கள் கையில் இருந்திருந்தால் என்னை வெளியே தள்ளியிருக்கலாம். ஏழு வருடம் தந்திருக்க வேண்டியதில்லை, ஒரு நாள்கூடத் தந்திருக்க வேண்டாம். க்ரூஸ் ஒருமுறை உங்களை ஏமாற்றினான். அடுத்து நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் காசோலையோடு அந்தப் பக்கத்தையும் வைத்திருக்கிறேன். இது மூலம், நகல் இல்லை. உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். பதிவானதை உடைக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியும் என்றால் உடையுங்கள். நான் சண்டை போட மாட்டேன்.

பெர்நடீன்

•

சான் ஹோசே
ஜூன் 20

அன்புள்ள பெர்நடீன்,

அந்தப் பக்கம் என்னிடம் பிப்ரவரியிலிருந்தே இருக்கிறது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் க்ரூஸின் வக்கீல் அனுப்பினார். கூடவே ஒரு சின்னக் குறிப்பு: இதைக் காட்டினால் போதும், பத்தே நிமிடத்தில் வீடு காலி. அதோடு வந்த வரவுப் பட்டியலில், காசோலை வராத மூன்று மாதங்களுக்கு மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தார். நீங்கள் அனுப்பியதில் ஒரு பக்கம் குறைகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். டிசம்பரில் ஒவ்வொரு வரியாகச் சந்தேகப்பட்டேன், பக்கத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இரண்டு பேரில் யார் பொய் என்று கேட்டேனே, இருவருமே என்று தெரிந்தது. அதோடு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பேன், அல்லது ஜெயித்திருப்பேன் என்று என் வக்கீல் சொன்னார். ஒரு நாள் முழுக்க மஞ்சள் கோடு போட்ட அந்த மூன்று மாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல், மே, ஜூன். அந்த மூன்று மாதமும் எங்கள் கிளினிக்கும் மூடிக் கிடந்தது. நானும் வாடகை கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் காத்திருந்தார். அந்த மூன்று மாதத்துக்காக உங்கள் பதினோரு வருடத்தை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாலையில் வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னேன்.

ஆனால் நான் நல்லவள் என்று நினைக்க வேண்டாம். தெரியும் என்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே சொல்லவில்லை. ஏழு வருடத்துக்கு யாரோடு என்னைக் கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பார்க்க நினைத்தேன். பதிவான பிறகு உங்கள் காசோலை வந்த ஒவ்வொரு முறையும் உறையைத் தலைகீழாக உதறினேன். ஏப்ரலில் காசோலை மட்டும் விழுந்தது. மே மாதமும் காசோலை மட்டும். "அதுல என்னடி தேடுறே?" என்று யெசேனியா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இந்த முறை இன்னொரு தாள் விழுந்ததும் கிளினிக்கிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எனக்கு எதற்கு அத்தனை அழுகை என்று இன்னும் புரியவில்லை.

இப்போது என்னிடம் அந்தப் பக்கம் இரண்டு இருக்கிறது, க்ரூஸின் வக்கீல் அனுப்பியது ஒன்று, நீங்கள் அனுப்பியது ஒன்று. இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நகல் எதுவும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

லொரேனா